பிரசவத்தோடு பிபி போய்விட்டது, அப்புறம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா (பிபி ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும் கர்ப்பகால நோய்) வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதற்கான காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி இப்போது குறியீடற்ற ஆர்என்ஏ பக்கம் போயிருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த அனுபவத்தைத் தாண்டி வந்தவர்கள், ஒருவரிடமும் இதுவரை யாரும் இதைச் சொல்லவில்லையாம். அதனால் இந்த மாதப் பகுதி முழுக்க இந்த ஒரே விஷயம்தான்.

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் கர்ப்பத்தில் 34ஆவது வாரம் பிபி 170/110 வரை ஏறி, சிறுநீரில் புரதம் போய், அவசரமாக சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். "பிரசவம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள், இரண்டு மாதத்தில் சரியாகவும் ஆகிவிட்டது. இப்போது நீங்கள் இதயம் என்கிறீர்கள். உண்மையா டாக்டர்?

உண்மைதான். ஆனால் எண்களை அரைகுறையாகக் கேட்டால்தான் பயம், முழுதாகக் கேட்டால் என்ன செய்யலாம் என்பது தெரியும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 25 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள், அவர்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்தது. இவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 3.7 மடங்கு, மாரடைப்பு வகையைச் சேர்ந்த இதய நோய் 2.16 மடங்கு, பக்கவாதம் 1.81 மடங்கு. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பு இதயச் செயலிழப்பையும் சேர்த்துப் பார்த்தது, அது சுமார் 4 மடங்கு. உங்களைப் போல 37 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் ஆறேகால் லட்சம் பிரசவங்களின் பதிவுகளை வைத்து 2001இல் வெளிவந்த ஆய்வில், இந்தக் குழுவினர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 8 மடங்காக இருந்தது.

சரி, இப்போது அடுத்த பாதி. மடங்கு என்பது எதனுடைய மடங்கு என்று கேட்க வேண்டும். 31 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிக மிகச் சிறியது, அதை இரண்டாலோ நான்காலோ பெருக்கினாலும் சிறியதுதான். அந்தப் பெருக்கல் உறைக்கப் போவது 45, 50 வயதுகளுக்குப் பிறகு. அதாவது உங்களுக்கு முன்கூட்டியே ஒரு தகவல் கிடைத்திருக்கிறது, கையில் பத்துப் பதினைந்து வருடமும் இருக்கிறது. அதே வயதில் இருக்கும் மற்றப் பெண்கள் பலருக்கு அந்தத் தகவல் கிடைப்பதில்லை.

எதனால் இப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். கருப்பைச் சுவரில் சுருள் தமனிகள் என்று சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் இருக்கின்றன, பெயருக்கேற்ப சுருண்டு சுருண்டு போகும். சாதாரணக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தக் குழாய்களுக்குள் புகுந்து, சுவரில் இருக்கும் தசையைக் கரைத்து, ஒடுங்கிய குழாயை அகலமான வாய்க்காலாக மாற்றிவிடும், ரத்தம் வேகமில்லாமல் நிறைவாக வந்து சேரும். ப்ரீஎக்ளாம்ப்சியாவில், அதுவும் சீக்கிரமே தொடங்கும் வகையில், இந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. குழாய் ஒடுக்கமாகவே இருக்கிறது, நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் போதவில்லை, அது திணறுகிறது. திணறும் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருட்களைக் கொட்டுகிறது. அதில் முக்கியமான ஒன்றை 2003இல் ஆனந்த் கருமஞ்சி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழு கண்டுபிடித்தது, எஸ்-ஃப்ளிட்-1 என்று ஒரு புரதம். ரத்தக்குழாயின் உள்படலம் ஆரோக்கியமாக இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை இது போகிற வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எலிகளுக்கு இதை அதிகமாகக் கொடுத்துப் பார்த்தபோது பிபி ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகமும் ப்ரீஎக்ளாம்ப்சியா போலவே பாதிக்கப்பட்டது. அதனால்தான் இது வெறும் பிபி பிரச்சினை இல்லை என்கிறோம், உடம்பு முழுக்க ஓடும் ரத்தக்குழாய்களின் உள்படலம் அடிபடும் நோய் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒடுங்கிப்போன அந்தச் சுருள் தமனிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில இடங்களில் கொழுப்பை விழுங்கி நுரைத்து உப்பிய செல்கள் சுவரில் அப்பிக்கொண்டிருக்கும். இதய ரத்தக்குழாயில் வருடக்கணக்காக உருவாகும் கொழுப்புப் படிவின் ஆரம்பக் கட்டத்துக்கும் இதற்கும் அவ்வளவு ஒற்றுமை. ஒரு சில மாதத்தில் கருப்பைக்குள் நடந்துமுடிந்த ஒன்று, முப்பது வருடம் கழித்து நெஞ்சுக்குள் நடக்கும் ஒன்றை ஒத்திருக்கிறது. முதல் முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கேள்வி: குறியீடற்ற ஆர்என்ஏ என்றால் என்ன? பள்ளியில் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம் என்றுதான் படித்தோம். புரதம் ஆகாத ஆர்என்ஏவுக்கு என்ன வேலை?

பள்ளியில் படித்தது தப்பில்லை, அது கதையின் ஒரு சின்னப் பகுதி, அவ்வளவுதான். நம் மரபணுத் தொகுதியில் புரதம் செய்யும் குறிப்பு இருப்பது சுமார் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியிலிருந்தும் ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது, ஆனால் அது புரதமாக மாறாமல் ஆர்என்ஏவாகவே இருந்து வேலை செய்கிறது, இதைத்தான் குறியீடற்ற ஆர்என்ஏ என்கிறோம். அதில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்என்ஏக்கள், சுமார் 22 எழுத்து நீளம் (ஆர்என்ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் எழுத்து). 200 எழுத்தைத் தாண்டினால் நீள் ஆர்என்ஏ என்கிறோம். இரண்டு முனையும் சேர்ந்து வளையமாக இருப்பவை வட்ட ஆர்என்ஏ.

மைக்ரோ ஆர்என்ஏ என்ன செய்கிறது? புரதம் செய்யச் சொல்லி ஒரு தூது ஆர்என்ஏ புறப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ ஆர்என்ஏ தன் எழுத்துகளுக்குப் பொருந்தும் இடத்தில் போய் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தத் தூது சிதைக்கப்படும், அல்லது அதைப் படித்துப் புரதம் செய்யும் வேலை மந்தமாகும். முழுக்க அணைக்கிற சுவிட்ச் இல்லை இது, மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் மாதிரி. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான தூதுகளின் வேகத்தைக் குறைக்கலாம், அதனால் சின்ன மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தரும். விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரு விஞ்ஞானிகள் 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். பல வருடம், ஏதோ புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2024இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். மிர்-210 என்று ஒரு மைக்ரோ ஆர்என்ஏ இருக்கிறது, ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் இதை அதிகமாகச் செய்யும். ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களின் நஞ்சுக்கொடியில் இது கூடுதலாக இருப்பதைப் பல குழுக்கள் தனித்தனியே பார்த்திருக்கின்றன. அது கூடினால் செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைப் பயன்படுத்துவது குறைகிறது, அதோடு நஞ்சுக்கொடி செல்கள் தாயின் ரத்தக்குழாய்க்குள் புகும் திறனும் மட்டுப்படுகிறது. கவனியுங்கள், குழாய் அகலமாகாததால் ஆக்சிஜன் குறைவு, ஆக்சிஜன் குறைவால் மிர்-210 கூடுதல், அது கூடினால் குழாயை அகலமாக்கும் வேலை இன்னும் தடைபடும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றுகிறது.

அதே மிர்-210 ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் இதயத் தசையிலும் கூடும். ஆனால் அங்கே அது செய்வது வேறு, மாரடைப்பு உண்டாக்கிய எலிகளின் இதயத்தில் இதைக் கூட்டிப் பார்த்தபோது இதயம் ஓரளவு மேம்பட்டது. இதனால்தான் "இது கெட்ட ஆர்என்ஏ, அது நல்ல ஆர்என்ஏ" என்று எழுதப்படும் செய்திகளை நான் நம்புவதில்லை. எந்தச் செல்லில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

மிர்-126 என்று இன்னொன்று, இது ரத்தக்குழாய் உள்படலத்தின் சொந்தக்காரர் போல. இது இல்லாமல் பிறக்கும் எலிகளின் ரத்தக்குழாய்கள் ஒழுகும், வளர வேண்டிய இடத்தில் சரியாக வளராது. ப்ரீஎக்ளாம்ப்சியா நஞ்சுக்கொடியில் இது குறைந்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள், இதயத் தமனி நோய் உள்ளவர்களின் ரத்தத்திலும் குறைந்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கர்ப்பத்தையும் இதயத்தையும் இணைக்கும் கண்ணி இந்த உள்படலத்தில்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் நினைப்பதற்கு இதுபோன்ற பொருத்தங்கள்தான் காரணம்.

கேள்வி: மனைவிக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வந்ததிலிருந்து வீட்டில் "அவள் உடம்பு வாகு சரியில்லை" என்று பேச்சு. என் பக்கத்திலிருந்து எதுவுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. கருவிலிருந்து உருவாவது அது, பாதி மரபணு உங்களுடையது.

ஆர்என்ஏ விஷயத்தில் இது இன்னும் சுவையானது. 19ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் 46 மைக்ரோ ஆர்என்ஏ மரபணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. குரங்கினத்துக்கும் மனிதருக்கும் மட்டுமே உள்ள கூட்டம் இது, எலியில் கிடையாது. கிட்டத்தட்ட நஞ்சுக்கொடியில் மட்டும்தான் வேலை செய்கிறது, அதிலும் தாயிடமிருந்து வந்த பிரதி மூடிக்கிடக்கும், தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே திறந்திருக்கும். இந்த ஆர்என்ஏக்கள் நுண்ணிய கொழுப்புப் பைகளில் ஏறித் தாயின் ரத்தத்தில் மிதந்து திரிகின்றன, பிரசவமானதும் வெகு சீக்கிரம் மறைந்துவிடுகின்றன. ப்ரீஎக்ளாம்ப்சியாவில் இவற்றில் சிலவற்றின் அளவு மாறுகிறது. அதாவது உங்கள் மனைவியின் ரத்தத்தில் ஓடிய அந்த ஆர்என்ஏக்கள் உங்கள் வழியாக வந்த மரபணுவிலிருந்து எழுதப்பட்டவை.

இது மட்டும் இல்லை. ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்த தாய்க்குப் பிறந்த ஆண்கள் தகப்பனாகும்போது, அந்தக் கர்ப்பத்திலும் அது வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பதிவுகளை வைத்து 2001இல் காட்டினார்கள். 2017இல் குழந்தைகளின் மரபணுவைப் பார்த்த பெரிய ஆய்வில், மேலே சொன்ன எஸ்-ஃப்ளிட்-1 புரதத்தின் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு தாய்க்கு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியாவோடு தொடர்புள்ளது என்று தெரிந்தது. குழந்தையின் மரபணுவில்! இதை வைத்து இனி உங்களைக் குறை சொல்ல ஆரம்பிக்க வேண்டாம், யார் தப்பும் இதில் இல்லை. வீட்டில் பேசுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: ரத்தத்தில் ஆர்என்ஏ பார்த்து ப்ரீஎக்ளாம்ப்சியா வருமா, பிற்காலத்தில் ஹார்ட் அட்டாக் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே. எடுக்கலாமா?

இரண்டையும் பிரித்துப் பேசுவோம். கர்ப்பத்தில் முன்கூட்டிச் சொல்வதில் நிஜமான முன்னேற்றம் இருக்கிறது. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு 1,840 கர்ப்பங்களின் ரத்த மாதிரிகளில் மிதக்கும் ஆர்என்ஏவைப் படித்து, ப்ரீஎக்ளாம்ப்சியா வரப்போகும் பெண்களில் 75 சதவீதம் பேரை, பிரசவத்துக்குச் சராசரியாக 14 வாரங்களுக்கு முன்பே அடையாளம் கண்டது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் "வரும்" என்று சொல்லப்பட்டவர்களில் உண்மையில் வந்தது சுமார் 32 சதவீதம் பேருக்குத்தான், மூன்றில் ஒருவர். தவிர, அந்த ஆய்வு நம்பியிருந்தது பெரும்பாலும் புரதம் செய்யும் மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களைத்தான், குறியீடற்றவற்றை இல்லை. செய்திகளில் எல்லாவற்றையும் ஒரே ஆர்என்ஏ என்று கலந்துவிடுகிறார்கள்.

இன்று மருத்துவமனையில் பயன்படுவது எஸ்-ஃப்ளிட்-1க்கும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணிக்கும் இடையிலான விகிதம். ப்ரீஎக்ளாம்ப்சியா என்று சந்தேகம் எழுந்த பெண்ணுக்கு இந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு அது வராது என்று 99 சதவீதத்துக்கு மேல் நம்பிச் சொல்லலாம் என்று 2016இல் காட்டினார்கள். இந்த வகைப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதி கொடுத்தது. உங்கள் டாக்டர் இதை எழுதிக்கொடுத்தால் தயங்காமல் எடுங்கள்.

பிற்கால இதய நோயைச் சொல்லும் மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை என்று யாராவது விற்றால் எடுக்காதீர்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த அளவீடு எவ்வளவு சுலபத்தில் கெட்டுப்போகும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது ஊசி மெல்லியதாக இருந்து வேகமாக உறிஞ்சினாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ கொஞ்சம் சிவப்பணுக்கள் உடையும். குழாயில் மேலே தெளியும் திரவம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, லேசான ரோஜா நிறமாகத் தெரியும். அந்தச் சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 போன்றவை குவிந்து கிடக்கின்றன, அவை வெளியே கொட்டிவிட்டால் இயந்திரம் "இந்தப் பெண்ணுக்கு இவை கூடுதல்" என்று காட்டும். நோய் எதுவும் இல்லை, ஊசி போட்ட விதம்தான் காரணம். இதோடு, பல ஆய்வுகளில் இருபது, முப்பது பெண்கள்தான், ஒரு குழு கூடுதல் என்று கண்ட மைக்ரோ ஆர்என்ஏவை இன்னொரு குழு குறைவு என்று கண்டிருக்கிறது. நஞ்சுக்கொடியை ஆராய்வதிலும் ஒரு சிக்கல், அது கையில் கிடைப்பது பிரசவத்துக்குப் பிறகுதான், நோய் தொடங்கிய சமயத்தில் அங்கே என்ன நடந்தது என்பதை அதை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

கேள்வி: எனக்கு வயது 52. 26 வருடத்துக்கு முன் கர்ப்பத்தில் பிபி ஏறி வலிப்பும் வந்தது. இப்போது மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம், நின்றால் போய்விடுகிறது. இது வாயுவா, இதயமா?

அம்மா, இதழை மூடி வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள், இன்றே. ஏறினால் வந்து நின்றால் போகும் இறுக்கம் என்பது இதயத் தமனி அடைப்பின் பாடப்புத்தக அறிகுறி. உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, சில நிமிடத்தில் போகாவிட்டாலோ, மூச்சுத்திணறல், வியர்வை, தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குமட்டல் என்று எது சேர்ந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது. உள்ளே போனதும் "எனக்குக் கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தது, வலிப்பும் வந்தது" என்று நீங்களே சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் கேட்பதில்லை. அமெரிக்க இதய சங்கம் 2011லேயே பெண்களுக்கான ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடி வெளியே போய்விடுகிறது. பிறகு எப்படி இருபது வருடம் கழித்து இதயம் பாதிக்கும்? அந்த ஆர்என்ஏ உடம்பிலேயே தங்கிவிடுகிறதா?

நஞ்சுக்கொடி ஆர்என்ஏ தங்குவதில்லை, முன்னமே சொன்னேன். ஆனால் தாயின் சொந்தச் செல்களில் ஏதோ மாறிப்போய் இருக்கிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. செக் குடியரசின் பிராக் நகரில் ஒரு குழு, கர்ப்பச் சிக்கல் வந்த பெண்களை 3 முதல் 11 வருடம் கழித்துக் கூப்பிட்டு, ரத்தத்தில் இதய நோயோடு தொடர்புள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்தது. பிரசவம் முடிந்து அத்தனை வருடம் ஆகியும் பல ஆர்என்ஏக்களின் அளவு, சிக்கலில்லாமல் பெற்ற பெண்களிலிருந்து வேறுபட்டிருந்தது.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஒன்று, கர்ப்பத்தில் உள்படலம் பட்ட அடி முழுதாக ஆறவில்லை, அதன் தழும்புதான் இந்த ஆர்என்ஏ மாற்றம். இரண்டு, அந்தப் பெண்ணின் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்துக்கு முன்பே கொஞ்சம் பலவீனமாக இருந்தன, கர்ப்பம் ஒரு கடினமான பரீட்சை மாதிரி வந்து அதை வெளியே காட்டிக்கொடுத்தது. கர்ப்பத்துக்கு முன்பும் அதே பெண்ணின் ரத்தத்தை எடுத்து வைத்திருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும், அப்படிப்பட்ட ஆய்வு நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது 2019இல் வந்த நார்வே ஆய்வு. கர்ப்பத்தில் பிபி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் வரும் கூடுதல் இதய ஆபத்தில் எவ்வளவு எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அதில் 77 சதவீதம் வரை ரத்த அழுத்தம், உடல் எடை ஆகிய இரண்டோடு விளங்கிவிட்டது. ஆர்என்ஏவை நம்மால் இப்போது தொட முடியாது. பிபியை இன்றே தொடலாம், மாத்திரை இருக்கிறது, நடை இருக்கிறது, உப்பைக் குறைக்கலாம்.

கேள்வி: இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். மறுபடி வருமா? தடுக்க முடியுமா?

முதல் கர்ப்பத்தில் வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இரண்டாவதிலும் வருகிறது. மீதி 85 பேருக்கு வருவதில்லை, அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். சீக்கிரமே, தீவிரமாக வந்தவர்களுக்கு இந்த எண் கூடும்.

தடுப்பதில் நிரூபிக்கப்பட்டது குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறிந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை தினமும் இரவு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. முக்கியம் என்னவென்றால் 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும், சுருள் தமனிகளை அகலமாக்கும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். ஆகவே கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், ஆனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு கர்ப்பத்தில் கால்சியம் மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பத்துக்கு முன்பே பிபி, சர்க்கரை, எடை மூன்றையும் பார்த்துச் சரிசெய்துகொண்டு இறங்குவது நல்லது.

கேள்வி: குழந்தை பிறந்து 3 வாரம். பிபி மாத்திரை தொடர்கிறது. தாய்ப்பால் கொடுப்பதால் நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பாலூட்டும் தாய்க்கு ஒத்துப்போகும் பிபி மாத்திரைகள் பல இருக்கின்றன, உங்கள் மாத்திரை அதில் ஒன்றா என்று கேட்டால் போதும். பிரசவத்துக்குப் பிறகு பிபி உச்சிக்குப் போவது பெரும்பாலும் 3 முதல் 6 நாட்களுக்குள், சிலருக்கு அப்போதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியாவே முதன்முறை வரும், ஆறு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. தாங்காத தலைவலி, கண்முன் மின்னலோ பூச்சியோ பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே போங்கள்.

இந்தச் சில வாரங்கள் ஏன் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகின்றன என்றால், ஆக்ஸ்ஃபோர்டில் 220 தாய்மாரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு. பாதிப் பேர் பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலேயே தினமும் பிபி பார்த்து, டாக்டர்களின் வழிகாட்டுதலில் மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மாத்திரை எல்லாம் நின்ற பிறகு, ஒன்பதாவது மாதம் பார்த்தால் முதல் குழுவின் கீழ் பிபி (இரண்டாவது எண்) 5.8 புள்ளி குறைவாக இருந்தது. சில வாரம் ஒழுங்காகப் பார்த்ததற்கு இவ்வளவு.

வீட்டில் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் படியட்டும், கால்மேல் கால் வேண்டாம். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, இரண்டையும் எழுதிவையுங்கள். மேல் எண் 150ஐத் தாண்டினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், 160/110ஐத் தொட்டால் யோசிக்காமல் மருத்துவமனைக்கு.

கேள்வி: இந்த ஆர்என்ஏவையே மருந்தாக்க முடியாதா?

முயற்சி நடக்கிறது. எஸ்-ஃப்ளிட்-1ஐச் செய்யச் சொல்லும் தூதை மட்டும் குறிவைத்து அழிக்கும் சின்ன ஆர்என்ஏ துண்டுகளை உருவாக்கி, பபூன் குரங்குகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்தார்கள், 2018இல் முடிவு வந்தது. ரத்தத்தில் அந்தப் புரதம் பாதிக்கும் கீழே இறங்கியது, பிபியும் சிறுநீர்ப் புரதமும் குறைந்தன. எலியில் செய்யாமல் பபூனுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது, அந்தப் புரதத்தின் நஞ்சுக்கொடி வகை எலியில் இல்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு இது பாதுகாப்பானது என்று காட்ட இன்னும் நிறைய வேலை இருக்கிறது. கர்ப்பத்துக்கு வெளியே இந்த வழி ஏற்கெனவே மருந்தாகிவிட்டது, இன்க்ளிசிரான் என்ற கொலஸ்ட்ரால் ஊசி இதே முறையில்தான் வேலை செய்கிறது, தொடக்கத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். ஆனால் அது கர்ப்பிணிகளுக்கு இல்லை.

கேள்வி: 18 வருடத்துக்கு முந்தைய என் பிரசவ ஃபைல் தொலைந்துவிட்டது. டாக்டரிடம் என்னவென்று சொல்வது?

ஃபைல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஞாபகம் இருக்கிறது, கூட இருந்தவர்களுடைய ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்து எழுதுங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிரசவம், குழந்தையின் எடை எவ்வளவு, ஞாபகம் இருக்கும் பெரிய பிபி எண் என்ன, வலிப்பு வந்ததா, வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஊசி போட்டார்களா (போட்டபோது உடம்பெல்லாம் சூடாகப் பரவியது என்று பலர் சொல்வார்கள், உங்களுக்கும் ஞாபகம் வரலாம்), வீட்டுக்கு வந்து எத்தனை மாதம் பிபி மாத்திரை சாப்பிட்டீர்கள், அடுத்த கர்ப்பத்தில் என்ன ஆயிற்று, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இப்படி இருந்ததா. எடை குறைந்து, வாரம் குறைந்து பிறந்த குழந்தை என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், உங்கள் ஆபத்தைக் கணிக்க டாக்டருக்கு அதுவே பெரிய தகவல்.

அந்தத் தாளோடு போய் பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பிபியை வருடம் ஒரு தடவை பார்த்து, அதே தாளின் கீழே தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள். தாளை ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு பிரதி மகளிடம் இருக்கட்டும், அவளுடைய முதல் கர்ப்பத்தில் அவளுடைய டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் பிபி இருந்ததா?" என்பதுதான்.